நான்கு ஆண்டுகளுக்கு ஒரு விருது: குண்டுவீச்சு விமானி லெனர்ட் செஷயர்

பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற்றவர்களின் பட்டியலைப் புரட்டினால், பெரும்பாலும் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு நாளும் ஓர் இடமும் இருக்கும். அந்த நாளில், அந்த இடத்தில், பல சமயம் சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்த ஒரு செயலுக்காக விருது தரப்பட்டிருக்கும். 1944 செப்டம்பர் 8 அன்று லண்டன் அரசிதழில் வெளியான விங் கமாண்டர் லெனர்ட் செஷயரின் விருதுக் குறிப்பு இந்த வழக்கத்துக்குள் அடங்காதது. 1940 ஜூனில் தொடங்கிய நான்கு ஆண்டுப் போர்ப் பணியையும், அதில் அவர் முடித்த 100 தாக்குதல் பயணங்களையும் அது மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. மியூனிக் நகரின் மேல் கழிந்த ஓர் இரவை மட்டும் அவருடைய வேலைக்கு மாதிரியாகக் காட்டி, கவனமான திட்டமிடல், செம்மையான செயல், ஆபத்தைப் பொருட்படுத்தாமை என்ற வரிசையில் பாராட்டுகிறது.

வீர விருதுக் குறிப்பு ஒன்றில் திட்டமிடல் முதலில் வருவது அபூர்வம். செஷயரின் போர்க்காலத்தை அந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதே இங்கு நோக்கம். அவரைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி துணிச்சலைப் பற்றியதாக இருந்தாலும், அவர் செய்தவற்றை நாள்வாரியாக அடுக்கிப் பார்க்கும்போது துணிச்சலுக்கு அடியில் ஒரு வேலைமுறை தெரிகிறது: எது தவறுகிறது என்று அளந்து பார்ப்பது, தவறும் இடத்துக்குத் தானே நெருங்கிப் போவது, அதற்குத் தடையாக இருக்கும் கருவியை மாற்றுவது.

அவர் உயிரோடு திரும்பியதற்கு இந்த முறைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் ஏறத்தாழ 1,25,000 பேர் விமானக் குழுவினராகப் பணியாற்றினார்கள். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். 30 பயணங்கள் முடித்தால் ஒரு சுற்று நிறைவு, பிறகு ஓய்வு என்பது விதி. முதல் சுற்றையே முடிக்காமல் மறைந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களிலும் கவனமான விமானிகள் நிறையப் பேர் இருந்தார்கள். நூறாவது பயணம் வரை செஷயரைக் கொண்டு சேர்த்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரியது. அந்த நூறு பயணங்களில் என்ன சாதிக்கப்பட்டது என்பதை விளக்குவதற்குத்தான் வேலைமுறை உதவும்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து டிரிஃபீல்டுக்கு

ஜெஃப்ரி லெனர்ட் செஷயர் 1917 செப்டம்பர் 7 அன்று இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஜெஃப்ரி செவாலியர் செஷயர், ஆக்ஸ்ஃபோர்டில் பெயர் பெற்ற சட்டப் பேராசிரியர். மகனும் ஸ்டோ பள்ளியிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்குச் சட்டம் படிக்கத்தான் போனார். படிப்பைவிட வேகமான கார்களும் நண்பர்களோடு ஊர் சுற்றுவதும் அவரை அதிகம் இழுத்தன. பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொண்டதும் அந்த உற்சாகத்தின் தொடர்ச்சியாகவே இருந்திருக்கும். 1936இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில், முதல் உலகப் போர் முடிந்தபின் ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மன் கடற்படையைத் தானே மூழ்கடிக்க உத்தரவிட்ட அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டரின் வீட்டில் அவர் தங்கியிருந்தார். நான்கு ஆண்டுகளில் அந்த நாட்டின் மேலேயே இரவுதோறும் பறக்க நேர்ந்தது.

1940 ஜூனில் யார்க்ஷயரின் டிரிஃபீல்டு தளத்தில் இருந்த 102ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவுக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே இருந்தவை விட்லி விமானங்கள்: இரட்டை எஞ்சின், ஐந்து பேர் கொண்ட குழு, மெதுவான வேகம், பறக்கும்போது மூக்கைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டே போகும் தோற்றம். முதலில் அவர் இரண்டாம் விமானி. கேப்டனாக வாய்த்தவர் ‘லாஃப்டி’ என்று அழைக்கப்பட்ட ஃபிராங்க் லாங், நியூசிலாந்துக்காரர். செஷயரின் பிற்கால வேலைமுறையின் வேர் இவரிடம் இருக்கிறது. தரையில் நிற்கும் விமானத்தின் ஓட்டுநர் அறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நெம்புகோலையும் ஒவ்வொரு விசையையும் கையாலேயே கண்டுபிடிக்கப் பழக வேண்டும் என்று லாங் வற்புறுத்தினார். இருட்டில், புகையில், விளக்கு அணைந்த நிலையில் கை தானாகப் போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. அது போதாதென்று, குழுவின் மற்ற இருக்கைகளிலும் போய் அமர்ந்து, பின் துப்பாக்கிக் கூண்டில் இருப்பவருக்கும் வானொலி இயக்குபவருக்கும் அந்த விமானம் எப்படித் தெரியும் என்று அறிந்துகொள்ளவும் வைத்தார். அடுத்த ஆண்டில் லாங் போரில் இறந்தார்.

இந்த இடத்தில் ஓர் உபரிச் செய்தி. போர்க்காலத்தில் குடியேற்ற நாடுகளிலிருந்து போன நன்கொடைகளை ஒட்டிப் பல ஸ்குவாட்ரன்களுக்கு அந்தந்தப் பகுதிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. 102ஆம் ஸ்குவாட்ரனுக்குச் சிலோன் என்று பெயர். செஷயர் அடுத்துப் போய்ச் சேர்ந்த 35ஆம் ஸ்குவாட்ரனுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்று பெயர். அந்தப் பணத்தில் எவ்வளவு மனமுவந்து கொடுத்தது, எவ்வளவு ஆட்சியரின் முகத்துக்காகக் கொடுத்தது என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி.

கொலோன், 1940 நவம்பர்

1940 நவம்பர் 12ஆம் தேதி இரவு செஷயர் தன் குழுவோடு புறப்பட்டது கொலோன் நகருக்கு அருகிலுள்ள வெசலிங் எண்ணெய் ஆலையைத் தாக்குவதற்காக. மேகம் மூடியிருந்ததால் ஆலை கண்ணில் படவில்லை. மாற்று இலக்கான கொலோன் ரயில்வே முனையத்தை நோக்கித் திருப்பினார். இலக்கை நெருங்கும் நேரத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கியின் குண்டு தாக்கியது. உள்ளே இருந்த ஒளிச்சுடர் ஒன்று பற்றி வெடித்ததில் விமானத்தின் ஒரு பக்கத் தகடு பல அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போய், உடற்பகுதிக்குள் தீ பரவியது. அறை முழுக்கக் கரும்புகை. விமானம் பல ஆயிரம் அடி கீழே விழுந்த பிறகே செஷயரால் அதை நிமிர்த்த முடிந்தது.

வானொலி இயக்குநர் ஹென்றி டேவிட்சனின் முகமும் கைகளும் தீயில் கருகிவிட்டன, கண்கள் தெரியவில்லை. அந்த நிலையிலும் அவர் தன் கருவியிடம் போய், தளத்தோடு தொடர்புகொள்ள விரல்களால் தடவித் தடவி முயன்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் தீயை அணைத்தார்கள். ஒரு பக்கம் திறந்து கிடந்த விமானத்தை, வடகடலின் நவம்பர்க் குளிரில், செஷயர் திரும்ப ஓட்டிவந்து தரையிறக்கினார். வானத்தில் இருந்த நேரம் மொத்தம் எட்டரை மணி. செஷயருக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது, அவ்வளவு இளநிலை அதிகாரிக்கு அது எளிதில் தரப்படும் விருது அல்ல. டேவிட்சனுக்கு டி.எஃப்.எம். பதக்கம் வழங்கப்பட்டது. என் கணிப்பில், அந்த இரவின் கடினமான வேலையைச் செய்தவர் டேவிட்சன்தான். அதிகாரிகளுக்கு ஒரு விருது, மற்ற நிலையினருக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருந்த அன்றைய முறையில் அதற்கு மேல் அவருக்கு ஏறிவர வழியில்லை.

1941 ஜனவரியில் முதல் சுற்று முடிந்ததும் செஷயர் ஓய்வு எடுக்கவில்லை. அடுத்த சுற்றுக்குத் தானே முன்வந்து, நான்கு எஞ்சின் கொண்ட புதிய ஹாலிஃபாக்ஸ் விமானங்களைப் பெற்றிருந்த 35ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனார். பெர்லின், பிரெமன், எசன், கீல் என்று பலத்த காவல் கொண்ட நகரங்களுக்கே பெரும்பாலும் பயணங்கள். அந்த ஆண்டின் நடுவில் அமெரிக்கா போனபோது, தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த நடிகை கான்ஸ்டன்ஸ் பின்னியைச் சந்தித்துச் சில வாரங்களில் மணந்துகொண்டார். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. ஆகஸ்டில் அவருடைய தம்பி கிறிஸ்டோஃபர், பெர்லின் தாக்குதலில் சுட்டு வீழ்த்தப்பட்டுப் போர்க்கைதியானார்.

எழுபத்தாறாம் ஸ்குவாட்ரன்

1942 ஆகஸ்டில் 76ஆம் ஸ்குவாட்ரனின் தலைமை செஷயரிடம் வந்தது. இழப்புகளால் துவண்டுபோன பிரிவு அது. ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் போதிய உயரத்துக்கு ஏற மறுத்தன. லங்காஸ்டர் என்ற மற்றொரு வகைக் குண்டுவீச்சு விமானங்கள் மேலே பாதுகாப்பாகப் போகும்போது இவை கீழே பீரங்கிக்கும் இரவுப் போர்விமானங்களுக்கும் வசமாகப் பறந்தன. அதோடு, சில நிலைகளில் வால்புறச் சுக்கான் ஒருபக்கமாகப் பூட்டிக்கொண்டு விமானத்தைக் கட்டுப்பாடின்றிச் சுழலவைக்கும் கோளாறும் இருந்தது.

செஷயர் இதை மனத்திடத்தின் குறையாகப் பார்க்காமல் எடையின் பிரச்சினையாகப் பார்த்தார். முன்மூக்கிலும் முதுகிலும் இருந்த துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றச் செய்தார். எஞ்சின் புகைபோக்கிகளின் தீப்பிழம்பை மறைக்க வைத்திருந்த கனமான மூடிகளையும் எடுத்துவிட்டார். தற்காப்புக்கென்று வைக்கப்பட்டவற்றைக் கழற்றித் தற்காப்பைக் கூட்டுவது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் எடையும் காற்றுத்தடையும் குறைந்ததில் விமானங்கள் இன்னும் உயரமாகவும் வேகமாகவும் பறந்தன. சுடுவதைவிட எட்டாத உயரத்தில் இருப்பதே பெரிய காவல் என்ற கணக்கு அங்கே சரியாக வந்தது. சுக்கான் கோளாறுக்குப் பின்னாளில் வால்பகுதியையே பெரிதாக்கி வடிவமைத்துத்தான் தீர்வு கண்டார்கள்.

ஸ்குவாட்ரன் தலைவர்கள் அடிக்கடி பறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. செஷயரோ புதிதாக வந்த, பயந்த நிலையில் இருந்த குழுக்களோடு இரண்டாம் விமானியாக ஏறிக்கொள்வார். தரைப்பணியாளர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் நினைவில் வைத்திருந்தார். எஞ்சின் பழுதுபார்ப்பவர் இரவு முழுக்கக் குளிரில் வேலை செய்கிறார், அவர் திருகும் ஆணி ஒன்று தளர்ந்தால் ஏழு பேரின் உயிர் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்பும் அக்கறையும் அதில் இருந்தன என்றாலும், காரியக் கணக்கும் இருந்தது என்று சொல்வதில் தவறில்லை.

இதே தலைவருக்கு இன்னொரு முகமும் உண்டு. மனம் உடைந்து இனிப் பறக்க முடியாது என்று சொன்னவர்களின் கோப்பில் மனத்திண்மைக் குறை என்று முத்திரை குத்தி, அவமானத்தோடு வெளியேற்றும் வழக்கம் அந்நாளைய விமானப்படையில் இருந்தது. அத்தகையவர்களைச் செஷயர் தயங்காமல் உடனே மாற்றி அனுப்பினார். அந்த விஷயத்தில் தாம் இரக்கமற்றவராக இருந்ததாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பயம் ஒருவரிடமிருந்து குழு முழுவதற்கும் தொற்றும் என்பது அவர் வாதம். இருபது வயது இளைஞன் ஒருவனின் வாழ்நாள் முழுக்கத் தொடரும் முத்திரை அது என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை. பிற்காலத்தில் நோயாளிகளுக்காகவே வாழ்ந்த ஒருவரின் வரலாற்றில் இந்தப் பகுதியை மெழுகி மறைப்பது நியாயமாகாது.

1943 வசந்த காலத்தில் அவருக்குக் குரூப் கேப்டன் பதவி வந்தது. வயது 25; விமானப்படையில் அந்தப் பதவிக்கு வந்த மிக இளையவர் அவர்தான். மார்ஸ்டன் மூர் பயிற்சித் தளத்தின் பொறுப்பு கிடைத்தது. மேசை வேலை பிடிக்கவில்லை. தொடர்ந்து மனுப்போட்டு, பதவியில் ஒரு படி இறங்கி விங் கமாண்டராக மீண்டும் போருக்குத் திரும்ப அனுமதி வாங்கினார். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் 617ஆம் ஸ்குவாட்ரன் அவர் கைக்கு வந்தது.

94 கஜமும் 350 கஜமும்

617ஆம் ஸ்குவாட்ரன் 1943 மே மாதத்தில் கை கிப்சன் தலைமையில் ருர் பள்ளத்தாக்கின் அணைகளை உடைத்துப் புகழ் பெற்றது. அதன் பிறகு பெரும் இழப்புகள். என்ன வேலைக்கு அதைப் பயன்படுத்துவது என்பதே தெளிவில்லாமல் இருந்த நேரம் அது. குண்டு எறியும் திறனில் மட்டும் அவர்களுக்கு நிகர் யாரும் இல்லை. விமானத்தின் ஆட்டத்தைச் சமன்செய்து தானே கணக்கிட்டுக் குண்டை விடுவிக்கும் புதிய குறிநோக்கி அவர்களிடம் இருந்தது. ஆனால் அந்தக் கருவிக்கு, இருட்டில் தெளிவாகத் தெரியும் ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியை வைப்பது வேறு பிரிவினரின் வேலை. அவர்கள் ரேடியோ அலைகளின் உதவியோடு மிக உயரத்திலிருந்து வண்ணத் தீச்சுடர்களை இறக்குவார்கள்.

1943 டிசம்பர் 16ஆம் தேதி இரவு, வடக்கு பிரான்சின் ஃபிளிக்செகூர் அருகே, பறக்கும் குண்டுகளை ஏவுவதற்காக ஜெர்மானியர் கட்டிய தளம் ஒன்றை 617 தாக்கியது. மறுநாள் அளந்து பார்த்தபோது, ஸ்குவாட்ரனின் குண்டுகள் சுடர்க்குறியிலிருந்து சராசரியாக 94 கஜத்துக்குள் விழுந்திருந்தன. இரவில், உயரத்திலிருந்து, அந்தக் காலக் கருவிகளோடு அது வியக்கத்தக்க துல்லியம். தளத்துக்கோ கீறல்கூட விழவில்லை. சுடர்க்குறியே இலக்கிலிருந்து 350 கஜம் தள்ளி விழுந்திருந்தது.

செஷயரின் போர்க்காலம் முழுவதற்கும் திறவுகோல் இந்த இரண்டு எண்கள்தான் என்பது என் எண்ணம். இன்னும் பெரிய குண்டு, இன்னும் அதிக விமானங்கள் என்று போவதால் 350 கஜம் குறையாது. குறியை வைப்பவர் கண்ணால் இலக்கைப் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே இறங்க வேண்டும். ஆனால் தாழ்வாகப் பறக்கும் கனரக விமானம் பீரங்கிக்கு எளிய இரை என்பது அப்போதைய பொதுக்கருத்து. ஆஸ்திரேலியரான மிக் மார்ட்டினும் செஷயரும் லங்காஸ்டரையே இலக்கை நோக்கிச் சரித்து இறக்கி, சுடரைக் கையால் வைப்பதுபோல் வைத்துவிட்டு மேலேறும் முறையைப் பிரெஞ்சு இலக்குகள் மேல் பழகினார்கள். 617 அடங்கிய ஐந்தாம் குழுவின் தலைவர் ரால்ஃப் காக்ரன் அதற்கு ஆதரவாக நின்றார். குறிவைக்கும் தனிப்பிரிவின் தலைவரான டான் பென்னட் கடுமையாக எதிர்த்தார்.

1944 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு லிமோஜ் நகரில் இந்த முறைக்குச் சோதனை வந்தது. இலக்கு, ஜெர்மானியருக்கு விமான எஞ்சின் செய்துகொடுத்த நோம்-ரோன் தொழிற்சாலை. உள்ளே வேலை செய்தவர்களோ பிரெஞ்சுக்காரர்கள். இரவுப் பணியில் நூற்றுக்கணக்கான பெண்கள். சுற்றிலும் குடியிருப்புகள். அங்கே பீரங்கிக் காவல் அதிகம் இல்லை என்பதைப் பயன்படுத்தி, செஷயர் தன் லங்காஸ்டரைத் தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேல் மூன்று முறை உரசுவதுபோல் ஓட்டினார். நான்கு எஞ்சின்களின் இரைச்சலைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. தொழிலாளர்கள் வெளியேறிப் பதுங்குமிடங்களுக்கு ஓடினார்கள். நான்காம் முறை நூறு அடிக்கும் குறைந்த உயரத்திலிருந்து சுடர்களைத் தொழிற்சாலையின் நடுவில் போட்டார். பின்தொடர்ந்த விமானங்கள் 12,000 பவுண்டு குண்டுகளை அதன்மேல் இறக்கின. ஆலை நின்றுபோனது, சுற்றியிருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின.

நான்கே நாள் கழித்து இதே முறை தோற்றது. பிரெஞ்சு ரிவியேரா கரையில், இத்தாலிக்குப் போகும் ரயில்பாதையைத் தாங்கிய ஆந்தியோர் பாலத்தின் இருபுறமும் துப்பாக்கிகள் நிறைந்திருந்தன. தாழ்ந்து வந்த மார்ட்டினின் விமானம் அடிவாங்கி, குண்டெறிபவர் பாப் ஹே உயிரிழந்தார். விமானம் தட்டுத்தடுமாறிச் சார்டினியாத் தீவில் இறங்கியது. செஷயராலும் குறியைச் சரியாக வைக்க முடியவில்லை. பாலம் அப்படியே நின்றது. முறை சரி, அதற்கு லங்காஸ்டர் சரியான கருவி அல்ல என்பது அந்த இரவிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம். மரத்தால் ஆன, இரண்டே பேர் ஏறும், வேகமான மஸ்கிட்டோ விமானத்தைக் கேட்டு வாங்கினார். ஏப்ரல் 5ஆம் தேதி இரவு துலூஸ் விமான ஆலையின்மேல் மஸ்கிட்டோவில் போய்க் குறி வைத்தார். முதல் இரண்டு ஓட்டங்களில் திருப்தியில்லாமல் மூன்றாவதில்தான் சுடரை விட்டார். அவர் வைத்த குறியை நம்பி ஐந்தாம் குழுவின் லங்காஸ்டர்கள் நூற்றுக்கு மேல் தாக்கின. பாம்பர் கமாண்டின் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் அதன் பிறகு ஐந்தாம் குழுவுக்கென்றே தனிக் குறிவைப்புப் படையை ஒதுக்கினார்.

மியூனிக்

பிரான்சில் காவல் குறைந்த ஆலைகளில் பலித்த முறை ஜெர்மனியின் உள்ளே பலிக்குமா என்பது அடுத்த கேள்வி. மியூனிக்கைச் செஷயரே கேட்டு வாங்கினார். அந்த நகரின் இலகுரகப் பீரங்கிகளும் தேடுவிளக்குகளும் அஞ்சத்தக்கவை என்பதே தேர்வுக்குக் காரணம் என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. பரிசோதனை என்றால் கடினமான இடத்தில் செய்தால்தான் முடிவுக்கு மதிப்பு.

1944 ஏப்ரல் 24ஆம் தேதி இரவு நான்கு மஸ்கிட்டோக்கள் கென்ட் கரையோரத்து மான்ஸ்டன் தளத்திலிருந்து கிளம்பின. கூடுதல் எரிபொருள் தொட்டிகள் கிடைக்கவில்லை. சுற்றுவழியில் போய் எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவ எரிபொருள் காணாது என்பதால் நேர்வழியில், ஆக்ஸ்பர்க் நகரின் பீரங்கிகளுக்கு மேலாகவே போக வேண்டியிருந்தது. வானிலையும் மோசம். மியூனிக்கை அடைந்தபோது உயரத்தில் வந்த விமானங்கள் ஒளிச்சுடர்களை இறக்கிக்கொண்டிருந்தன. மேலே சுடரொளி, கீழே தேடுவிளக்கு, நடுவில் அவர். 700 அடிவரை சரிந்து இறங்கிக் குறியை வைத்துவிட்டு மேலேறும்போது, விளக்கொளி கண்ணைப் பறித்ததில் விமானத்தின் கட்டுப்பாட்டையே இழக்கவிருந்தார். வேலை அதோடு முடியவில்லை. ஆயிரம் அடி உயரத்தில் நகரின் மேல் திரும்பத் திரும்பப் பறந்து, தன் குறி சரியாக விழுந்ததா என்று சரிபார்த்து, மற்ற விமானங்களுக்கு வழி சொன்னார். குண்டுச் சிதறல்கள் விமானத்தில் பாய்ந்தன. இலக்கை விட்டு நீங்கிய பிறகும் முழுதாக 12 நிமிடங்கள் அவர்மேல் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். நான்கு மஸ்கிட்டோக்களும் திரும்பின.

லிமோஜையும் மியூனிக்கையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இந்த ஆய்வு முழுமை பெறாது. லிமோஜில் கூரைக்கு மேல் மூன்று எச்சரிக்கை ஓட்டங்கள். மியூனிக்கில் அப்படி எதுவும் இல்லை. அங்கே தாக்கப்பட்டது ஒரு நகரம். எரிந்தவற்றில் ரயில் முனையங்களோடு வீடுகளும் உண்டு. துல்லியம் என்பது குறியைத் துல்லியமாக வைப்பது மட்டுமே. குறியை எதன்மேல் வைக்கச் சொல்கிறார்கள் என்பது வேறொருவரின் தீர்மானம். செஷயர் அந்தத் தீர்மானத்தைப் பொதுவெளியில் எதிர்த்ததில்லை. நாஜி ஆட்சியை ஒழிக்க வேறு வழியில்லை என்றே கடைசிவரை நம்பினார்.

கடைசி மாதங்கள்

நார்மண்டி படையிறக்கத்தின்போது, ஜூன் 5ஆம் தேதி இரவு 617க்குக் கிடைத்தது குண்டே இல்லாத வேலை. பதினாறு லங்காஸ்டர்கள் ஆங்கிலக் கால்வாயின்மேல் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது முன்னேறி, சில நொடிகளுக்கு ஒரு முறை அலுமினியத் தகட்டுக் கீற்றுகளைக் கொட்டின. ஜெர்மன் ரேடார் திரையில் அது, ஒரு பெரும் கப்பல் கூட்டம் காப் தான்டிஃபேர் முனையை நோக்கி மெதுவாக வருவதுபோல் தெரிய வேண்டும். சில நொடிகள் பிசகினாலும் கடலில் கப்பல்கள் துள்ளிக் குதிப்பதுபோல் காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கணக்கில் வழிகாட்டி அலுவலரின் கடிகாரத்தோடு ஒட்டிப் பறப்பது செஷயரின் குணத்துக்குப் பொருத்தமான பணிதான்.

ஜூன் 8ஆம் தேதி இரவு பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த 12,000 பவுண்டு டால்பாய் குண்டு முதல்முறையாகச் சோமுர் ரயில் சுரங்கத்தின்மேல் பயன்பட்டது. மண்ணுக்குள் ஆழமாகப் புகுந்து வெடிக்கும் வகை அது; ஒன்று மலையையே துளைத்துச் சுரங்கத்துக்குள் வெடித்து, நார்மண்டிக்குத் தெற்கிலிருந்து வரவிருந்த ஜெர்மன் படைகளின் பாதையை அடைத்தது. அந்தக் குறியையும் வைத்தவர் செஷயர். ஜூன் 25 அன்று வடக்கு பிரான்சின் சிராகூரில் இருந்த ஜெர்மன் பறக்கும் குண்டுத் தளத்துக்கு அவர் போனது அமெரிக்கர்களிடமிருந்து வாங்கிய மஸ்டாங் போர்விமானத்தில். ஒருவர் மட்டுமே அமரும் விமானம், வழிகாட்டலும் அவரே. அந்த வகை விமானத்தை அவர் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டியதும் அந்தத் தாக்குதலின்போதுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு கருவிகளைப் பழகச் சொன்ன லாஃப்டி லாங் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

ஜூலை 6 அன்று கலே நகருக்கு அருகே மிமோயெக்கில், லண்டனைக் குறிவைத்து நிலத்தடியில் அமைக்கப்பட்டுவந்த நீளமான பீரங்கித் தொகுதியின்மேல் நடந்த தாக்குதலே அவருடைய கடைசி. காக்ரன் அவரை அழைத்து, போதும் என்று நிறுத்தினார். அணைத் தாக்குதலிலிருந்து தொடர்ந்து பறந்துவந்த ஷானன், மக்கார்த்தி, மன்ரோ ஆகியோருக்கும் அதே உத்தரவு.

விக்டோரியா கிராஸ் விருதை மன்னர் கையால் வாங்கிய நாளில், லங்காஸ்டரின் இறக்கைமேல் வானத்திலேயே ஏறித் தீயை அணைக்க முயன்ற நார்மன் ஜாக்சனும் அதே விருதுக்காக வந்திருந்தார். தன்னைவிட இவர்தான் அதிகம் துணிந்தவர், ஆகவே இவருக்கு முதலில் கொடுங்கள் என்று செஷயர் வேண்டிக்கொண்டதாக ஜாக்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பதவி வரிசை என்ற நடைமுறை இருந்ததால் மன்னரால் அது இயலவில்லை.

நாகசாகிக்குப் பிறகு

கல்கத்தாத் தலைமையகத்தில் சில மாதங்களும் வாஷிங்டனில் சில மாதங்களும் கழிந்த பிறகு, 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி மேல் வீசப்பட்ட அணுகுண்டைப் பார்வையிட, இயற்பியலாளர் வில்லியம் பென்னியோடு பிரிட்டனின் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். அவர்கள் ஏறிய பி-29 விமானம் யாகுஷிமா தீவின்மேல் மற்ற இரண்டோடு சேர வேண்டிய இடத்தில் சேரத் தவறியது. ஆகவே வெடிப்பை அவர் பார்த்தது பல பத்து மைல் தொலைவிலிருந்து. இலக்கை நெருங்கி நெருங்கிப் போன விமானியின் கடைசிப் போர்க்காலக் காட்சி அவ்வளவு தூரத்தில் அமைந்தது. அந்தக் குண்டு போரை முடித்தது, அணு ஆயுதம் பெரும்போரைத் தடுக்கும் என்ற கருத்திலிருந்து அவர் மாறவில்லை. அதைக் கண்டு மனம் திருந்தித் தொண்டுக்கு வந்தார் என்று சொல்லப்படும் கதை அவர் சொன்னவற்றோடு ஒத்துப்போகவில்லை.

தொண்டுக்கு வந்த வழி அதைவிடச் சாதாரணமானது. 1946இல் படையிலிருந்து விலகியவர், முன்னாள் வீரர்கள் ஒன்றாக வாழும் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கி, கடனில் மூழ்கித் தோற்றார். கையில் மிஞ்சியது ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பெரிய பழைய வீடு. 1948இல் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் குடியிருப்பில் முன்பு இருந்த ஆர்தர் டைக்ஸ் என்பவருக்குப் புற்றுநோய், பிழைக்க வழியில்லை, வேறு போக்கிடமும் இல்லை. செஷயர் அவரை லெ கோர்ட்டுக்கு அழைத்துவந்தார். செவிலியர் வைக்கப் பணமில்லாததால் படுக்கை விரிப்பது, உடம்பு துடைப்பது, சமைத்து ஊட்டுவது எல்லாம் தானே செய்தார். டைக்ஸ் ஆகஸ்டில் இறந்தார். அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டிருந்தார். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் செஷயர் கத்தோலிக்கரானார்.

1952இல் காசநோய் பிடித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்திருந்தபோதும், படுக்கையிலிருந்தே கடிதம் எழுதி இல்லங்களை நடத்தினார். குணமானதும் இந்தியா வந்தார். பம்பாயின் அந்தேரியில் முதல் இந்திய இல்லம் 1950களின் நடுவில் தொடங்கியது. டேராடூனில் ரஃபேல் என்ற பெரிய இல்லம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் எழுந்தது. 1959 ஏப்ரலில் பம்பாயிலேயே, போரில் அகதியானவர்களுக்காக உழைத்துவந்த சூ ரைடரை மணந்தார். இல்லங்கள் தமிழ்நாடு உட்பட நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவின. அவருடைய கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 50 நாடுகளில் 250க்கும் மேற்பட்டவை இயங்கின.

ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க் குழுவே நிர்வாகத்தை ஏற்க வேண்டும், லண்டனிலிருந்து ஆள முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இல்லத்தில் வசிப்பவர்களுக்கு நிர்வாகத்தில் குரல் வேண்டும் என்ற கோரிக்கை லெ கோர்ட்டிலேயே 1960களில் எழுந்தபோது நிர்வாகத்தோடு கசப்பான மோதல்கள் நடந்தன. பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தின் முன்னோடிகள் சிலர் அந்த வீட்டுவாசிகள்தான்.

1981இல் ஆர்டர் ஆஃப் மெரிட் சிறப்பும், 1991இல் ஆயுட்காலப் பிரபு பட்டமும் அவருக்கு வந்தன. பட்டத்தோடு சேர்க்க அவர் தேர்ந்தெடுத்த ஊர்ப்பெயர் வுட்ஹால். 617ஆம் ஸ்குவாட்ரன் அவர் தலைமையில் இயங்கிய தளத்தின் ஊர். ஏறத்தாழ அதே காலத்தில் இயக்க நரம்பணு நோய் அவரைப் பிடித்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் அந்த நோயோடு வந்தவர்களை அவருடைய இல்லங்கள் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்திருந்தன. 1992 ஜூலை 31 அன்று சஃபோக்கின் கேவண்டிஷில் அவர் இறந்தார்.